வாசகர் கேள்வி பதில்: உச்சிப்புளி ஊருணியில் ஒரு சிவப்புத் தவளை

ஐப்பசி மழை இறங்கியதும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து தவளைகளைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றுள் ஐந்து, ஒரு நாட்டில் ஒரு தவளையினத்தை முதன்முதலாகப் பதிவு செய்வது என்ற ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் உச்சிப்புளிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். விடிய விடிய மழை பெய்த மறுநாள் இரவு, எங்கள் ஊருணிக் கரையில் கட்டைவிரல் நீளமே இருக்கும் செங்கல் நிறத் தவளைகள் பத்துப் பதினைந்து கத்திக்கொண்டிருந்தன. கைப்பேசியில் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இலங்கைத் தவளைகளைப் பற்றிய ஒரு கையேட்டில் அச்சு அசலாக இதே போன்ற படம் இருக்கிறது. ‘இலங்கையில் மட்டுமே காணப்படுவது’ என்று அதன் கீழே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் இந்தியாவில் இதனை முதலில் பதிவு செய்தவள் நான்தானா? அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? (உச்சிப்புளி வாசகி)

பதில்: ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். முதல் இரண்டில் முதுகு மட்டுமே தெரிகிறது. மூன்றாவது படத்தில் அந்தத் தவளை பின்புறமாக மணலுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கிறது. அதனால் பின்னங்கால் சற்றே தூக்கியிருக்க, உள்ளங்காலில் மண்வெட்டி அலகைப் போன்ற இரண்டு தடிப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. மணலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு புதைவதற்கு அவை உதவுகின்றன. சிறுத்த வாய், வெளியே தெரியாத செவிப்பறை, விலாவில் ஓடும் கரிய பட்டை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இது மைக்ரோஹைலா என்னும் குறுவாய்த் தவளைப் பேரினத்தைச் சேர்ந்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் இந்தப் படங்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அடங்கியிருப்பதால், அதனைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கையேட்டில் உள்ளது மைக்ரோஹைலா மிகிந்தலே என்ற இனமாகவே இருக்க வேண்டும். இலங்கையிலுள்ள மிகிந்தலை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய இந்த இனத்துக்கு 2016ஆம் ஆண்டில்தான் பெயர் கிடைத்தது. அதுவரை, 1850களில் ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த மைக்ரோஹைலா ரூப்ரா என்ற சிவப்புக் குறுவாய்த் தவளை, பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்வதாகவே நூல்கள் எழுதிவந்தன. உடல் அளவுகள், கத்தும் ஒலி, மரபணு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகே, அக்கரையில் இருப்பது வேறோர் இனம் என்று இலங்கை ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து நிறுவினார்கள். அன்று இலங்கையின் பட்டியலிலிருந்து ரூப்ரா நீக்கப்பட்டு, அந்த இடத்தில் மிகிந்தலே ஏறியது. ஊருணியில் கிடந்த தவளைகளுக்கு எந்த மாற்றமும் இல்லை.

ஆகவே உங்கள் ஊருணியில் கத்தியது, நம் பக்கத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறியப்பட்ட ரூப்ராவாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. கையேட்டுப் படத்தோடு அது ஒத்துப்போவதில் வியப்பில்லை. தேர்ந்த ஆய்வாளர்களே ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இரண்டையும் ஒன்றென்று எண்ணியிருக்கிறார்கள். இதைக் கேட்டு நீங்கள் மனம் சோர வேண்டாம். உருவத்தால் எளிதில் பிரித்தறிய முடியாத இரண்டு இனங்கள் ஒரு குறுகிய கடலின் இரு கரைகளிலும் இருக்கும்போது, எது எங்கே முடிகிறது என்பதை இராமநாதபுரம் கரையில் யாராவது ஒருவர் முறையாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘இது ரூப்ராதான்’ என்று சான்றோடு நிறுவுவதும் அதே அளவு மதிப்புள்ள வேலை.

முதற்பதிவு என்ற சொல்லுக்கு வருகிறேன். புதிய இனத்தைக் கண்டறிவதும் ஒரு நாட்டுக்கான முதற்பதிவும் வெவ்வேறானவை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து 2017இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளை, அறிவியலுக்கே புதிய இனம். அதற்கு அதுவரை பெயரே இல்லை. முதற்பதிவு என்பதோ, ஏற்கெனவே பெயர் பெற்று வேறொரு நாட்டில் அறியப்பட்டிருக்கும் இனம், இந்த நாட்டின் எல்லைக்குள்ளும் இருக்கிறது என்று முதன்முறையாகச் சான்றோடு காட்டுவதாகும். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில், இதுவரை யாரும் காலடி வைத்துத் தேடாத இடத்தில் அந்த விலங்கு உண்மையாகவே புதிதாகக் கண்ணில் படுகிறது. மற்றொன்றில், பல காலமாக வேறொரு பெயரில் நம்மிடையே இருந்த விலங்கு, தன் சரியான பெயரைப் பெறுகிறது. வங்கதேசத்தின் நில்பாமாரியில் 2015இல் விவரிக்கப்பட்ட மைக்ரோஹைலா நில்பாமாரியென்சிஸ், பின்னர் இந்தியாவிலும் இருப்பதாக உறுதி செய்யப்பட்டது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதுவரை அந்தத் தவளைகளை எல்லோரும் மைக்ரோஹைலா ஆர்னேட்டா என்றே எழுதிவந்தார்கள். இப்போது வரும் முதற்பதிவுகளில் பல இந்த இரண்டாம் வகைதான் என்பது என் எண்ணம்.

எந்த வகையாக இருந்தாலும், ‘நான் பார்த்தேன்’ என்பது பதிவாகாது. இன்றைக்கு நீங்கள் வைக்கும் சான்றை, முப்பது ஆண்டுகள் கழித்து உங்களை அறியாத ஒருவர் எடுத்துப் பார்த்து, உங்கள் முடிவு சரியா தவறா என்று தாமே தீர்மானிக்க முடிய வேண்டும். அப்படிப்பட்ட சான்றுகளில் சிலவற்றை நீங்களே திரட்டலாம். சிலவற்றுக்கு உரிமம் பெற்ற ஆய்வாளரின் துணை கட்டாயம் தேவை.

நீங்கள் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது ஒலிப்பதிவு. ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்ற பழமொழியைப் பாம்பின் கண்ணோட்டத்தில் சொல்லிவைத்தார்கள். ஆய்வாளருக்கோ அந்த வாய்தான் பெரிய உதவி. ஆண் தவளையின் அழைப்பொலி இனத்துக்கு இனம் வேறுபடும், தன் இனத்துப் பெண்ணை அழைப்பதற்காகவே அது அமைந்திருப்பதால். ஊருணிக் கரையை நெருங்கும்போது உங்கள் காலடி அதிர்வில் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். கைவிளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். சிறிது நேரத்தில் ஒன்று தயங்கித் தொடங்கும், அடுத்தது பதில் சொல்லும், பிறகு கரை முழுவதும் இரைச்சலாகும். கூட்டத்தின் இரைச்சல் நமக்குப் பயன்படாது. கரையோரமாகத் தனித்துக் கத்தும் ஒன்றைத் தேடி, கைப்பேசியை அதற்கு ஒரு முழம் தொலைவில் தரையில் வைத்து, இரண்டு மூன்று நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். முடிவில் இடம், தேதி, நேரம் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு சாதாரண வெப்பமானியால் காற்றின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பம் கூடினால் தவளை கத்தும் வேகமும் கூடும் என்பதால், வெப்பநிலை இல்லாத ஒலிப்பதிவை மற்றோர் ஊரின் பதிவோடு ஒப்பிடுவது கடினம்.

அடுத்தது படம். முதுகு அழகாக இருப்பதால் எல்லோரும் முதுகையே எடுக்கிறார்கள். பக்கவாட்டுத் தோற்றம், கண், முன்னங்கால் விரல் நுனிகள், பின்னங்கால் விரலிடைச் சவ்வு, உள்ளங்கால் தடிப்புகள் ஆகியவையே இனத்தைச் சொல்பவை. அருகில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். தவளையைக் கையில் எடுக்க வேண்டாம். அதன் தோல் நீரையும் காற்றையும் உள்ளே இழுக்கும் தோல், நம் கையிலுள்ள சோப்பும் உப்பும் அதற்குத் தீங்கு செய்யும். கைப்பேசியில் இருப்பிடக் குறியீட்டை இயக்கி வைத்திருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தாமாகவே படத்தில் பதிந்துவிடும்.

மரபணுச் சான்றும் அருங்காட்சியக மாதிரியும் இதற்கு அடுத்த நிலை. வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் எவரும் தவளையைப் பிடிக்கவோ திசுவை எடுக்கவோ கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளில் இறங்குவதற்கே அனுமதி வேண்டும். உரிமம் உள்ள ஆய்வாளர் ஒருவர் வந்தால், அவர் சிறு திசுத் துண்டை எத்தனாலில் வைத்து, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள 16எஸ் என்ற மரபணுப் பகுதியைப் படித்து, உலகப் பொதுத் தரவகத்தில் உள்ள ரூப்ரா, மிகிந்தலே வரிசைகளோடு ஒப்பிடுவார். முழு மாதிரி ஒன்று, பதிவெண்ணோடு, இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துக்குச் செல்லும். ஓர் உயிரை இதற்காக எடுப்பது எனக்கு எப்போதுமே மனவருத்தம் தருவதுதான். அதனால்தான், எடுத்த ஒன்று வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

இந்தப் பிடிவாதத்துக்கு என் இளமைக்காலப் பிழை ஒன்று காரணம். கடற்கரை உவர்நிலக் குட்டை ஒன்றில் முறையான அனுமதியோடு சேகரித்த ஒரு மாதிரியின் சீட்டில், அவசரத்தில் பந்துமுனைப் பேனாவால் இடத்தையும் தேதியையும் எழுதிவிட்டேன். சில மாதங்களுக்குப் பிறகு புட்டியைத் திறந்தபோது, எத்தனால் இளநீல நிறமாக மாறியிருந்தது; சீட்டு வெறும் வெள்ளைத் தாளாக மிதந்தது. தவளை அப்படியே இருந்தது. ஆனால் எந்த ஊர், எந்த நாள் என்று சொல்ல முடியாத தவளையைக் கொண்டு எந்தப் பதிவையும் செய்ய முடியாது. அன்றிலிருந்து என் பையில் பென்சில் மட்டுமே இருக்கிறது.

சான்றுகளெல்லாம் சேர்ந்த பிறகும் ‘முதல்’ என்ற சொல்லை எழுதுவதற்கு முன்பு பழைய ஏடுகளைப் புரட்டியாக வேண்டும். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் உலக நீர்நில வாழ்விகள் பட்டியல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் இனத்துக்கு இதுவரை வழங்கிய பெயர்கள், அறியப்பட்ட நாடுகள் ஆகிய எல்லாம் அதில் உண்டு. பழைய பெயர்கள் ஒவ்வொன்றையும் போட்டுத் தேட வேண்டும். வேறு பெயரோடு நூறாண்டுக்கு முன்பே யாராவது ஒருவர் அதே விலங்கை இங்கிருந்து எழுதியிருக்கக்கூடும். அருங்காட்சியகத்தின் ஒரு மூலையில் பெயர் மாறிய புட்டி ஒன்று காத்திருக்கக்கூடும். இவற்றையும் கடந்த பிறகு, கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்டு டாக்ஸா போன்ற, துறையறிஞர்கள் சரிபார்த்து வெளியிடும் இதழ் ஒன்றில் கட்டுரை வந்தால், அதுவே பதிவு. நாளிதழில் செய்தி வருவது அதற்குப் பிறகுதான் இருக்க வேண்டும்.

கேள்வி: தனுஷ்கோடிக் கடலில் நாற்பது வருடம் தொழில் செய்தவன் நான். அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டு திட்டாகக் கிடக்கிறது. அக்கரைத் தவளை அதன் வழியே நம் பக்கம் வந்துவிடாதா? (தங்கச்சிமடம் மீனவர்)

பதில்: ஐயா, திட்டுகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், தடையாக இருப்பது திட்டுகளுக்கு இடையிலுள்ள உப்புநீர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மெல்லிய தோலுடைய சாதாரணத் தவளை அதில் விழுந்தால், உடம்பிலுள்ள நீரை வெளியே இழந்து சில மணி நேரத்திலேயே வதங்கிவிடும். இதற்கு விதிவிலக்காக, தென்கிழக்காசியச் சதுப்புக் காடுகளில் நண்டு தின்னும் தவளை ஒன்று உண்டு. அது யூரியாவைத் தன் இரத்தத்திலேயே தேக்கிவைத்துக்கொண்டு, லிட்டருக்கு 28 கிராம் வரை உப்புள்ள நீரைத் தாங்குகிறது என்றும், அதன் தலைப்பிரட்டைகள் கடல்நீரைவிட உப்பு மிகுந்த நீரையும் தாங்குகின்றன என்றும் 1961இல் வெளியான ஆய்வு காட்டியது. உச்சிப்புளி ஆசிரியை பார்த்த குறுவாய்த் தவளைக்கு அத்தகைய ஆற்றல் கிடையாது.

ஆனால் கடல் எப்போதும் இப்படியே இருந்ததில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது வெறும் தரை. நடந்தே போகக்கூடிய அந்த நிலத்தின் வழியாக எல்லா விலங்குகளும் தாராளமாகக் கலந்திருக்கும் என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். 2004இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு, மழைக்காட்டு விலங்குகளில் அந்தக் கலப்பு மிகக் குறைவாகவே நிகழ்ந்திருக்கிறது என்று எடுத்துக்காட்டியது. வறண்ட சமவெளியைத் தாங்கும் தவளைகளின் நிலை வேறு. இலங்கையின் பழம்பெயரான தப்ரபேனைத் தன் பெயரில் கொண்ட யூப்பரோடான் தப்ரபேனிக்கஸ் என்ற வண்ணத் தவளை, இலங்கையிலும் இருக்கிறது, தென்னிந்தியாவிலும் இருக்கிறது. பெயரில் இலங்கை இருப்பதால் அது அங்கிருந்து வந்தது என்று பொருளாகாது.

தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் மணலுக்கடியில் அதன் மேல் மிதந்து நிற்கிறது. நீங்கள் குடிப்பதற்குத் தோண்டிய அந்தச் சிறு ஊற்றுக்குழிகளின் ஓரத்தில் மழைக்காலத்தில் தவளை கத்திக் கேட்டதுண்டா? கேட்டிருந்தால், எந்த இடத்தில் என்பதை அருள்கூர்ந்து எழுதுங்கள். அப்படிப்பட்ட இடங்களில்தான் நான் தேட விரும்புகிறேன்.

கேள்வி: என் மாமா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை செய்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்குப் பெட்டகத்தில் ஒரு தவளை இருந்ததாம். அதுவும் நாட்டுக்கு முதற்பதிவு ஆகுமா? (வாலிநோக்கம் வாசகர்)

பதில்: பெட்டகத்தில் கிடைத்த ஒரே ஒரு தவளையை ‘வந்து சேர்ந்தது’ என்று குறிக்கலாமே தவிர, நாட்டின் இனப்பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். வெளியே பரவி, முட்டையிட்டுப் பெருகினால்தான் அது நிலைபெற்றதாகக் கருதப்படும். ஆனால் உடனே தெரிவிக்க வேண்டிய செய்தி இதுவே. நம் கொல்லைப்புறத்தில் சாதாரணமாகத் திரியும் ஆசியத் தேரை, மடகாஸ்கரின் தோவாமாசினாத் துறைமுகப் பகுதியில் பெருகியிருப்பது 2014இல் உலகுக்குத் தெரியவந்தது. அந்தத் தீவில் அதற்கு முன்பு தேரைக் குடும்பமே கிடையாது. எனவே தேரையின் நஞ்சைத் தாங்கும் பழக்கம் அங்குள்ள பாம்புகளுக்குப் பெரும்பாலும் இல்லை. அந்த முதற்பதிவு வந்தபோது தேரைகள் ஏற்கெனவே பரவிவிட்டிருந்தன. நம் வயல்களின் இந்தியப் பெருந்தவளையும் இப்படித்தான் அந்தமான் தீவுகளில் கொண்டுவிடப்பட்டுப் பெருகி, அதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. அது நாட்டுக்குள்ளேயே நடந்த இடமாற்றம் என்பதால் எந்த முதற்பதிவிலும் வராது. பாதிப்பு மட்டும் அதேதான். மாமாவிடம் சொல்லி, இனி அப்படி ஒன்று கண்டால் படம் எடுத்து, வெளியே விடாமல், துறைமுக அதிகாரிகளுக்கும் வனத்துறைக்கும் அன்றே தெரிவிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முதலில் கண்டுபிடித்தவரின் பெயரைத் தவளைக்கு வைப்பார்களா? (கீழக்கரை கல்லூரி மாணவி)

பதில்: முதற்பதிவில் வைப்பதில்லை, அந்த இனத்துக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. கட்டுரையில் உங்கள் பங்குக்கு ஏற்ப ஆசிரியர்களுள் ஒருவராகவோ, நன்றிக்குரியவராகவோ உங்கள் பெயர் இடம்பெறும். தவளையை முதலில் காட்டிய ஊர்க்காரரின் பெயரை விட்டுவிட்டு வெளிவரும் கட்டுரைகள் எனக்கு ஏற்புடையவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பழமொழியில் வரும் நுணல் என்பது எந்தத் தவளை? ஊர்ப்பெயர்களை ஆய்வுக்கட்டுரையில் ஏற்றுக்கொள்வார்களா? (தொண்டி வாசகர், வயது 74)

பதில்: பெரியவர் அவர்களுக்கு வணக்கம். நுணல் மணலுக்குள் மறைந்து கிடப்பது என்று பழம்பாட்டு சொல்கிறது. அப்படிப் புதையும் தவளைகள் நம் கரையில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. எனவே ஓர் இனத்தை மட்டும் சுட்டி இதுதான் நுணல் என்று சொல்ல இயலாது. ஊர்ப்பெயரைக் கட்டுரையில் தாராளமாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஆனால் இனத்தின் அடையாளத்தை அது தீர்மானிக்காது. அதற்கு, அந்த இனம் முதலில் விவரிக்கப்பட்ட மூல இடத்துத் தவளையோடு ஒப்பிட வேண்டும்.

அந்த வகையில் நம் கடற்கரைக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. குளத்து நீரின்மேல் தத்தித் தத்தி ஓடும் சாதாரண நீர்த்தவளைக்கு 1799இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயரிட்டார். அதன் மூல இடம் தரங்கம்பாடி என்று இன்றைய ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆகவே வேறெந்த நாட்டில் ஒருவர் அதே பெயரில் ஒரு தவளையைப் பதிவு செய்ய முனைந்தாலும், கடைசியில் சோழமண்டலக் கரையின் தவளையோடுதான் அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொண்டிப் பக்கத்தில் மணலுக்குள் புதைவதை ஒரு பெயராலும், சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதை வேறொரு பெயராலும், கண்மாயில் நீந்துவதை இன்னொரு பெயராலும் அழைக்கும் வழக்கம் இருக்கிறதா? உங்கள் தாத்தா காலத்தில் வழங்கிய பெயர்கள் நினைவிலிருந்தால், எந்தப் பெயர் எந்தத் தவளைக்கு என்ற குறிப்போடு, பேரப் பிள்ளைகள் யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பிவையுங்கள்.